உங்கள் கட்டுரையின் 'ஆத்தர்' யார்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சித்தி மகளிடமிருந்து ஒரு ஈ-மெயில் வந்தது. பள்ளிபாளையத்தில் இருக்கிறாள். பி.ஈ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதி ஆண்டு. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்துக் கொண்டிருக்கிறாள். "அண்ணா, எஸ்.ஓ.பி. எழுதிட்டேன். கிராமர் மட்டும் பாத்துச் சொல்லுங்க. 15-ம் தேதி கடைசி நாள்" என்று இரண்டே வரி. கூடவே ஒரு வேர்ட் பைல்.

எஸ்.ஓ.பி. என்பது 'ஸ்டேட்மென்ட் ஆப் பர்பஸ்'. எதற்காக இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், இதற்கு முன் என்ன செய்திருக்கிறீர்கள் என்பதை விளக்கி மாணவரே ஓரிரண்டு பக்கத்தில் எழுதித் தரும் கட்டுரை. பிளஸ் 2 முடித்துவிட்டு பட்டப்படிப்புக்கே வெளிநாடு போகிறவர்களுக்கும் இது போல ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்றுக் கொள்ளும் 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் 650 வார்த்தைக்குள் உங்களைப் பற்றி எழுத வேண்டும். பிரிட்டனின் 'யூகாஸ்' விண்ணப்பத்தில் இடைவெளியும் சேர்த்து 4,000 எழுத்துகள். மார்க்கும் டெஸ்ட் ஸ்கோரும் எண்களாகப் போய்விடும். மாணவர் தன் குரலில் பேசக் கிடைக்கும் ஒரே இடம் இந்தக் கட்டுரைதான்.

பைலைத் திறந்தேன். இங்கிலீஷில் ஒரு பிழை கூட இல்லை. முதல் வரியிலேயே 'டேப்பஸ்ட்ரி' என்ற வார்த்தை. நவீனத் தொழில்நுட்பம் என்னும் டேப்பஸ்ட்ரியில் டேட்டா ஒரு பொன்னிழையாம்! போன் செய்தேன்.

"டேப்பஸ்ட்ரின்னா என்ன கண்ணு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தெரியலீங்கண்ணா. சாட்ஜிபிடி போட்டுக் குடுத்துச்சு. நல்லா இருந்துச்சேன்னு விட்டுட்டேன்."

டேப்பஸ்ட்ரி என்றால் சுவரில் மாட்டுவதற்காகச் சித்திரங்களோடு நெய்யும் துணி. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கிய பெண், தான் நெசவைப் பற்றி எழுதியிருப்பதே தெரியாமல் அனுப்ப இருந்தாள். சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று புரியவில்லை. ஆனால் அவளைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் கதை

2018-ல் நான் இறுதி ஆண்டு படித்தபோது சாட்ஜிபிடி கிடையாது. அதன் வேலையை அப்போது ஹாஸ்டலில் ஒரு பென் டிரைவ் செய்து கொண்டிருந்தது. அதில் 'எஸ்.ஓ.பி.' என்று ஒரு போல்டர். சீனியர்கள் எழுதியது, அவர்களுடைய சீனியர்கள் எழுதியது என்று பத்துப் பதினைந்து பைல்கள். எல்லாருமே 'சிறு வயதிலிருந்தே எனக்குக் கம்ப்யூட்டர் மீது தீராத ஆர்வம்' என்றுதான் ஆரம்பித்திருந்தார்கள். நானும் அதில் ஒன்றை எடுத்தேன். கல்லூரியின் பெயர், புராஜெக்ட்டின் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர் மூன்றையும் 'பைண்ட் அண்டு ரீபிளேஸ்' போட்டு மாற்றினேன். நடுவில் இரண்டு பாரா சேர்த்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

உண்மை என்னவென்றால் சிறு வயதில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்க பிரவுசிங் சென்டருக்குப் போனதுதான் எனக்கு நினைவிருக்கும் முதல் அனுபவம். தீராத ஆர்வம் எங்கிருந்து வந்திருக்கும்?

ஆறு பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினேன். ஐந்தில் இடமில்லை என்று பதில் வந்தது. ஒன்றில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. போகவில்லை. ஒரு வருடம் கழித்து ஏதோ வேலையாக அந்தப் பைலைத் திறந்தபோதுதான் அதன் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியைப் பார்த்தேன். 'ஆத்தர்' என்ற இடத்தில் யாரோ ஒரு சீனியரின் பெயர். நான் பார்த்தே இராத மனிதர். என் வாழ்க்கையைச் சொல்லும் கட்டுரைக்கு ஆசிரியர் அவர்! பி.டி.எப். ஆக மாற்றி அனுப்பியதிலும் அந்தப் பெயர் அப்படியே போயிருந்தது.

என்னை நிராகரித்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெயரை யாரும் கவனித்திருக்காமலும் போகலாம். ஆனால் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் அது என் கட்டுரை அல்ல.

கம்ப்யூட்டர் கண்டுபிடித்த பைஜாமா

இது நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் செய்யும் காரியம் என்று நினைக்க வேண்டாம். 2007-ல் யூகாஸ் அமைப்பு சுமார் 50,000 விண்ணப்பக் கட்டுரைகளை ஒப்பிடும் சாப்ட்வேரில் போட்டுப் பார்த்தது. எட்டாவது பிறந்த நாளில் பரிசாகக் கிடைத்த கெமிஸ்ட்ரி செட்டை வைத்து விளையாடியபோது பைஜாமாவில் ஓட்டை விழுந்துவிட்டது, அன்றிலிருந்து அறிவியலில் ஆர்வம் வந்தது என்ற சம்பவம் 234 கட்டுரைகளில் இருந்தது. பிரிட்டனில் ஒரே மாதிரி 234 பைஜாமாக்கள் எரிந்திருக்க முடியாது. இன்டர்நெட்டில் மாதிரிக்காகப் போட்டிருந்த ஒரு கட்டுரையில் இருந்து எல்லோரும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டிலேயே இந்தக் கதை!

அப்போது காப்பியடித்தவனைப் பிடிப்பது சுலபம். இரண்டு பைலை ஒப்பிட்டால் போதும். 2022 நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. அது ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வார்த்தைகளில் எழுதித் தருகிறது. ஒப்பிட்டால் பொருந்தாது. ஆனால் படித்தால் எல்லாம் ஒரே முகம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் விண்ணப்பக் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதையே நிறுத்திவிட்டதாக 2024-ல் அறிவித்தது. கட்டுரையைப் படிக்கிறார்கள், எண் போடுவதில்லை. செயற்கை நுண்ணறிவின் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டுவதை 2023-லேயே மோசடிப் பட்டியலில் சேர்த்துவிட்டது காமன் ஆப்.

இங்கேதான் நமக்குச் சிக்கல்

"சரி, கம்ப்யூட்டர் எழுதியதைக் கம்ப்யூட்டரை வைத்தே கண்டுபிடித்துவிடலாமே?" என்று கேட்பீர்கள். அதற்கென்று 'டிடெக்டர்' சாப்ட்வேர்கள் இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்து கொள்வது நல்லது. ஒரு வாக்கியத்தில் அடுத்து வரும் வார்த்தை எவ்வளவு சுலபமாக ஊகிக்கக் கூடியது என்று பெரும்பாலான டிடெக்டர்கள் கணக்குப் போடுகின்றன. எளிதில் ஊகிக்க முடிந்தால் அது இயந்திரத்தின் எழுத்து. எதிர்பாராத வார்த்தைகள் நிறைய வந்தால் மனித எழுத்து.

ஆங்கிலத்தைப் பாடப் புத்தகத்தில் படித்தவர் எப்படி எழுதுவார்? தெரிந்த வார்த்தைகள், பழகிய வாக்கிய அமைப்புகள். அதாவது, சுலபமாக ஊகிக்கக் கூடிய எழுத்து!

ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டார்கள். மனிதர்கள் கையால் எழுதிய இந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் கிட்டத்தட்ட தவறே இல்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே டோபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து வார்த்தைகளை மெருகேற்றச் சொன்னபோது தவறான முத்திரை சுமார் 12 சதவீதமாகக் குறைந்துவிட்டது!

சொந்தமாக எழுதியவனை இயந்திரம் என்கிறது. இயந்திரத்தை வைத்து மெருகேற்றினால் மனிதன் என்கிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே தன் டிடெக்டரைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அப்படியிருக்க, ஒரு டிடெக்டர் காட்டும் சதவீதத்தை மட்டும் வைத்து வெளிநாட்டு மாணவரைச் சந்தேகப்படுவது நியாயமே அல்ல என்பது என் கருத்து. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். மற்ற எல்லா நாடுகளையும் விட அதிகம். இத்தனை பேரின் கட்டணத்தை வாங்கிக் கொள்ளும் பல்கலைக்கழகங்கள் எந்த உதவி சரி, எது தவறு என்று தெளிவாக எழுதி வைக்க வேண்டாமா? கால்டெக் எழுதி வைத்திருக்கிறது. இலக்கணம், எழுத்துப்பிழை பார்க்கச் சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம். கட்டுரையை எழுதித் தரச் சொல்லக் கூடாது. வேறு மொழியில் எழுதியதை அதை வைத்து மொழிபெயர்க்கவும் கூடாது. கடைசி விதி நம்மவர்களுக்குக் கொஞ்சம் கடினம்தான். ஆனாலும் விதி என்னவென்று முன்கூட்டியே தெரிகிறதே, அது பெரிய விஷயம்.

நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பழியை முழுவதும் அவர்கள் மீது போடவும் மனம் வரவில்லை. பள்ளியில் 'என் லட்சியம்' என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். நோட்ஸில் ஒரு லட்சியம் அச்சடித்திருக்கும். வகுப்பில் அறுபது பேருக்கும் அதே லட்சியம். மாற்றி எழுதினால் மார்க் குறையும். பன்னிரண்டு வருடம் அப்படிப் பழக்கிவிட்டு, 'உன்னைப் பற்றி உன் வார்த்தையில் எழுது' என்றால் கை ஓடுமா?

சிபாரிசுக் கடிதத்தின் கதை இன்னும் மோசம். "நீயே எழுதிக் கொண்டு வா, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். கட்டுரையும் என்னுடையது, என்னைப் புகழும் மூன்று கடிதங்களும் என்னுடையவை. நான்கிலும் ஒரே நடை. படிப்பவருக்குத் தெரியாமலா போகும்? ஒரு மாணவருக்கு அரைமணி நேரம் ஒதுக்கி நான்கு உண்மையான வரிகளை ஆசிரியரே எழுதினால் அதன் மதிப்பே வேறு.

இன்னொன்றும் உண்டு. தன்னைப் பற்றிப் பேசுவது தற்பெருமை என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அதனால் உண்மையாகச் செய்ததைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். யாரோ எழுதிய பொய்யைப் போடக் கூச்சப்படுவதில்லை!

எக்ஸெலில் இருந்த கட்டுரை

தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பைலை மூடிவிட்டு, "டேட்டாவை வச்சு நீ நிஜமா என்ன பண்ணியிருக்க, தமிழ்லயே சொல்லு" என்றேன். முதலில் கல்லூரி புராஜெக்ட்டைச் சொன்னாள். அது இன்டர்நெட்டில் கிடைக்கும் டேட்டாவில் நூறு பேர் செய்வது. "வேற?" என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

சித்தப்பா விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறார். தறி ஓட்டுபவர்களுக்கு வாரக் கூலி. அவர்கள் வாங்கிய முன்பணத்தில் வாரா வாரம் கொஞ்சம் பிடித்துக் கொள்வார்கள். கணக்கு நோட்டில் இருந்தது. இரண்டாம் ஆண்டு விடுமுறையில் இவள் அதை எக்ஸெலுக்கு மாற்றினாள். பழைய நோட்டில் இருந்து ஒவ்வொரு வாரமாக ஏற்றியபோது ஓர் அம்மாவின் கணக்கில் கூட்டல் தப்பு. மூன்று வாரம் அதிகமாகப் பிடித்திருக்கிறார்கள். அப்பாவிடம் காட்டினாள். கோபப்பட்டார். அன்று இரவே நோட்டை எடுத்து உட்கார்ந்து சரி பார்த்தார். அடுத்த சனிக்கிழமை பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மா இவளிடம் வந்து, "இன்னும் எத்தன வாரத்துல முடியும்னு உன்ற கம்ப்யூட்டர் சொல்லுமா கண்ணு?" என்று கேட்டாராம். இவள் இன்னொரு காலம் சேர்த்தாள். மீதி வாரம் எத்தனை என்று. இப்போது சனிக்கிழமை எல்லோரும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

"இத எழுதேன்!" என்றேன்.

"இது வெறும் எக்ஸெல்தானேண்ணா. மெஷின் லேர்னிங் எதுவும் இல்லியே. அதுவுமில்லாம, படிக்கறவங்க அப்பாவத் தப்பா நினைக்க மாட்டாங்களா?"

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான கேள்வி. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டி வைப்பது பற்றி நல்லதும் கெட்டதுமாகப் பேச நிறைய இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் சம்பவத்துக்கே அர்த்தம் இல்லை. "உங்கப்பாகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் கூப்பிட்டாள். சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நடந்ததத்தானே எழுதற? எழுது கண்ணு" என்றாராம்.

நான்கு நாளில் ஐந்து முறை திருத்தி எழுதினாள். இங்கிலீஷ் எளிமையாக இருந்தது. ஆனால் டேட்டாவில் ஒரு தப்பு இருந்தால் அது யாரோ ஒருவரின் வாரச் சாப்பாட்டைப் பாதிக்கிறது என்று புரிந்து கொண்ட ஒரு பெண் அதில் இருந்தாள். தான் எதைப் படிக்க விரும்புகிறாள் என்று அடுத்த பாராவில் சொன்னபோது நம்ப முடிந்தது. முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கட்டுரையின் ஆத்தர் அவள்தான்.

விண்ணப்பிக்கப் போகிறீர்களா?

என் அனுபவத்தில் இருந்து சில யோசனைகள்:

1. முதலில் எழுதாதீர்கள், பேசுங்கள். போனில் ரிக்கார்டரை ஆன் செய்துவிட்டு, நீங்கள் செய்த ஒரு வேலையைப் பத்து நிமிடம் தமிழில் நண்பரிடம் சொல்லுங்கள். கேட்டுப் பார்த்துக் குறிப்பு எடுங்கள். ஆங்கிலத்துக்கு நீங்களே கொண்டு வாருங்கள்.

2. பெரிய சம்பவம் வேண்டும் என்று தேடாதீர்கள். சின்னச் சம்பவம், அதில் நீங்கள் எடுத்த ஒரு முடிவு, அதனால் என்ன மாறியது. இது போதும். பட்டப்படிப்புக் கட்டுரையில் 'நீங்கள் யார்' என்பது முக்கியம். எம்.எஸ். கட்டுரையில் 'எதைப் படிக்கப் போகிறீர்கள், அதற்குத் தயாரா' என்பதே முக்கியம். ஒன்றை மற்றதற்கு அனுப்பாதீர்கள்.

3. சாட்ஜிபிடியை எழுதச் சொல்லாதீர்கள், கேட்கச் சொல்லுங்கள். "இதைப் படித்து எங்கே புரியவில்லை என்று ஐந்து கேள்வி மட்டும் கேள், திருத்தாதே" என்று போட்டுப் பாருங்கள். பதிலை நீங்கள் எழுதுங்கள். அதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் விதியைக் கட்டாயம் படியுங்கள்.

4. கூகுள் டாக்ஸிலேயே ஆரம்பம் முதல் எழுதுங்கள். 'வெர்ஷன் ஹிஸ்டரி' உங்கள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு சேமித்து வைக்கும். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

5. வேர்டில் 'ரிவ்யூ' டேபில் உள்ள 'ரீட் அலவுட்' வசதியைப் பயன்படுத்திக் கட்டுரையைக் காதால் கேளுங்கள். நீங்கள் வாயால் சொல்லவே மாட்டாத வார்த்தை எதுவும் வந்தால் எடுத்துவிடுங்கள்.

6. ஆன்லைன் பாரத்தில் போடுவதற்கு முன் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து காப்பி செய்யுங்கள். வேர்டின் பார்மேட்டிங் கூடவே வந்து தொல்லை தராது.

7. பைலாக அனுப்புவதாக இருந்தால் 'பைல்' மெனுவில் 'இன்போ' பகுதிக்குச் சென்று 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' கட்டளையைக் கொடுத்து, பழைய கமென்டுகள், திருத்தங்கள் எதுவும் ஒட்டிக் கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏழாவது யோசனையைப் படித்துவிட்டு, சீனியரின் பைலில் உள்ள ஆத்தர் பெயரை அழிக்கும் வழி கிடைத்துவிட்டது என்று சிலர் நினைக்கலாம். அழிக்கலாம்தான். ஆனால் அந்தக் கட்டுரையை நம்பி யாராவது இடம் கொடுத்தால், விமானம் ஏறிப் போய் அங்கே படிக்க வேண்டியவர் நீங்கள்.

வீட்டில் விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. கிராமர் மட்டும் பார்க்கச் சொன்னால், கிராமரோடு நிறுத்திவிடாதீர்கள். "நிஜமா என்ன பண்ணின?" என்று ஒரு முறை கேளுங்கள். என்னிடம் அன்று யாரும் அதைக் கேட்கவில்லை.